பரியும் பரிவும்

சென்னை மாநகரில் எல்லோர் கண்ணிலும் படும் குதிரைச் சிலைகள் இரண்டு இடங்களில் உள்ளன. ஒன்று தீவுத்திடலருகே உள்ள தாமஸ் மன்றோவின் சிலை. பிரான்சிஸ் சான்ட்ரி என்னும் சிற்பி வடித்த வெண்கல வேலைப்பாடு, 1839இல் நிறுவப்பட்டது. ஆளுநர் அங்கவடி இல்லாமல் குதிரைமேல் அமர்ந்திருக்கிறார் என்பதை நகரத்தார் இன்றும் சுட்டிக்காட்டிப் பேசுவதுண்டு. மற்றொன்று 1973இல் திறக்கப்பட்ட அண்ணா மேம்பாலத்தின் அருகில் இருப்பது. ஜெமினி மேம்பாலம் என்றால்தான் பலருக்கும் விளங்கும். துள்ளிப் பாயும் குதிரையை ஒரு மனிதன் இழுத்துப் பிடித்து நிறுத்த முயல்கிறான். தமிழகத்தில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974இல் இயற்றிய சட்டத்தின் நினைவாக அது வைக்கப்பட்டது என்பர். அந்தச் சட்டம் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கி, கடைசியில் 1996இல் உச்சநீதிமன்றம் பந்தயத்தைத் திறமை சார்ந்த விளையாட்டு என்று கூறிவிட்டது. சிலை மட்டும் அங்கேயே நின்றது.

குதிரைமேல் ஏறியவருக்குப் பெயர் உண்டு, பீடம் உண்டு, வரலாறு உண்டு. குதிரையைப் பிடித்தவனுக்குப் பெயரில்லை. இக்கட்டுரை அந்த இரண்டாமவனைப் பற்றியது. அவன் இந்நகரத்தில் பல நூற்றாண்டுகள் குதிரையைப் பிடித்திருந்தான். பின்னர் ஒருநாள் கடிவாளத்தைக் கீழே வைத்துவிட்டு லாரியின் சக்கரத்தைப் பிடித்தான். கை மாறியது. மனம் மாறியதா என்பதே நம் கேள்வி.

தமிழில் ‘பரி’ என்னும் சொல் குதிரையைக் குறிக்கும், ஓடுதலையும் குறிக்கும், அன்பு கொள்ளுதலையும் குறிக்கும். ‘பரிவு’ என்று நாம் அன்றாடம் வழங்கும் சொல் இந்த மூன்றாம் பொருளில் பிறந்தது. சொல்லாராய்ச்சியாளர்கள் இவற்றை ஒரே வேரிலிருந்து வந்தவை என்பார்களா, ஒலியால் ஒன்றுபட்டவை என்பார்களா என்ற வாதத்துக்குள் நாம் புகவில்லை. ஆனால் பழந்தமிழ்ப் புலவர்கள் பரியையும் பரிவையும் அருகருகே வைத்தே பார்த்தார்கள் என்பதற்குச் சான்றுகள் உள்ளன.

முல்லைத் திணைப் பாடல்களில் வினை முடித்துத் திரும்பும் தலைவனோடு எப்போதும் ஒருவன் உடன் வருகிறான். வலவன் என்றும் பாகன் என்றும் அவனை அழைப்பார்கள். தலைவன் தன் ஏக்கத்தையெல்லாம் அவனிடம்தான் சொல்கிறான். விரைந்து செலுத்து என்று அவனைத்தான் வேண்டுகிறான். குறுங்குடி மருதனார் பாடிய அகநானூற்று நான்காம் பாடலில், பூஞ்சோலையில் துணையோடு இருக்கும் வண்டுகள் மணியோசை கேட்டு அஞ்சிவிடக்கூடாது என்பதற்காகத் தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வரும் தலைவனைக் காண்கிறோம். அந்த மென்மைக்கான புகழ் தலைவனுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் மணியின் நாவைக் கட்டிய கை யாருடையதாக இருந்திருக்கும் என்று வகுப்பில் மாணவர்களைக் கேட்டால், சற்று யோசித்துவிட்டு, ‘பாகன் கைதான்’ என்கிறார்கள். நமக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

கடையெழு வள்ளல்களுள் காரியையும் ஓரியையும் எடுத்துக்கொள்வோம். காரியின் குதிரைக்கும் காரி என்றே பெயர். ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றே பெயர். சிறுபாணாற்றுப்படை இருவரையும் அவர்தம் குதிரையோடு சேர்த்தே நினைவுகூர்கிறது. வள்ளன்மையும் குதிரைமேல் வைத்த அன்பும் ஒரே மனத்தின் இரு பக்கங்கள் என்று அக்காலம் கருதியது போலும்.

வண்டியோட்டியையே காவியத்தின் நாயகனாக்கிய கதை நளன் கதை. புகழேந்தியின் நளவெண்பா வழியாகத் தமிழர் நெஞ்சில் பதிந்தது அது. நாடிழந்து, உருவிழந்து, வாகுகன் என்ற பெயரில் அயோத்தி மன்னனுக்குத் தேரோட்டியாகிறான் நளன். ஒரே நாளில் விதர்ப்ப நாட்டை அடைய வேண்டும். பாரதத்தின் வனபருவம் இவ்விடத்தில் ஒரு செய்தி சொல்கிறது: நளன் கொழுத்த குதிரைகளை விட்டுவிட்டு மெலிந்தவற்றைத் தேர்ந்தெடுக்கிறான். மன்னன் ஐயுறுகிறான். நளன் தன் தேர்வை மாற்றவில்லை. தேர் பறந்தபோது மன்னனின் மேலாடை நழுவி விழுகிறது. நிறுத்தச் சொல்வதற்குள் ஆடை ஒரு யோசனை தூரத்துக்குப் பின்னே போய்விட்டது. நளன் கற்றிருந்த வித்தைக்கு ‘அசுவ இருதயம்’ என்று பெயர். குதிரையின் உள்ளம் அறிதல் என்று பொருள். அரசனாக இருந்து கற்றதை ஓட்டுநராக இருந்து காட்டினான் அவன்.

இலக்கியத்தில் இத்தனை மதிப்பு பெற்ற குதிரை அறிவு, வரலாற்றில் நம்மிடம் இருந்ததா? இங்கேதான் சாந்தோம் வருகிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகத்தைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, தோமையாரின் கல்லறை இருக்கும் ஊரை, மக்கள் அதிகமில்லாத, வணிகர் அதிகம் வராத சிற்றூர் என்கிறார். அதுவே இன்றைய சாந்தோம். அதே நூலில் பாண்டிய நாட்டின் குதிரை வாணிகத்தைப் பற்றி அவர் எழுதியிருப்பது நம்மைத் தலைகுனிய வைக்கிறது. ஓர்முசு, கிஷ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து வணிகர்கள் குதிரைகளைக் காயல் துறைக்குக் கொண்டுவந்தார்கள். அரசர்கள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு இரண்டாயிரம் குதிரைக்கு மேல் வாங்கினார்கள். ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சவில்லை. காரணம், பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லை. வேகவைத்த இறைச்சியும் சோறும் போட்டார்களாம். குதிரை வைத்தியர்கள் இங்கே வந்துவிடாமல் அயல்நாட்டு வணிகர்கள் பார்த்துக்கொண்டார்கள் என்றும் அவர் எழுதுகிறார். செத்தால்தானே மறுபடி விற்க முடியும்!

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபும் இதையே வேறு சொற்களில் சொல்கிறார். ஒரு குதிரைக்கு 220 தினார் விலை. கடலிலேயே இறந்துபோனதற்கும் பாண்டியன் கருவூலம் விலை கொடுத்தது. வறுத்த வாற்கோதுமை, நெய் சேர்த்த தானியம், காய்ச்சிய பால் என்று ஊட்டினார்கள். அன்பு இல்லை என்று சொல்ல முடியாது. அறிவு இல்லாத அன்பு அது. மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகளைக் கல்வெட்டுகள் பெயர் சொல்லிக் குறிக்கின்றன. லாயத்தில் சாணம் வாரியவனைக் குறிக்கவில்லை.

இதே பாண்டிய நாட்டுக் குதிரை வாணிகத்தின் பின்னணியில்தான் மாணிக்கவாசகர் கதை நிகழ்கிறது. குதிரை வாங்க அரசன் கொடுத்தனுப்பிய பொன்னைத் திருப்பெருந்துறையில் கோயிற்பணிக்குச் செலவிட்டுவிட்ட அமைச்சருக்காக, இறைவன் நரிகளைப் பரிகளாக்கி ஓட்டி வருகிறான். இக்கதையில் இறைவன் எடுத்த வடிவத்தைக் கவனிக்க வேண்டும். குதிரை வாங்கும் அரசனாக அவன் வரவில்லை. குதிரைச் சேவகனாக வந்தான். அரசவைக் கணக்கில் இடம்பெறாத மனிதனைப் பக்தி மரபு கடவுளாக்கிக் கொண்டாடியது. நமக்கு இது சிறிய செய்தியாகத் தோன்றவில்லை.

போர்த்துகீசியர் பதினாறாம் நூற்றாண்டில் சாந்தோமில் குடியேறினர். அடுத்த நூற்றாண்டில் ஆங்கிலேயர் வடக்கே கோட்டை கட்டினர். அவர்கள் காலத்தில் குதிரை மேற்கிலிருந்து வருவது குறைந்து, தென்கிழக்கிலிருந்து வரத் தொடங்கியது. நியூ சவுத் வேல்ஸ் பகுதியிலிருந்து வந்ததால் ‘வேலர்’ என்று பெயர் பெற்ற ஆஸ்திரேலியக் குதிரைகள் அவை. ஜே. பி. ஈஸ்ட் என்பவர் 1834இல் வரைந்த நீர்வண்ண ஓவியம் ஒன்று, அக்குதிரைகள் சென்னையில் இறங்குவதைக் காட்டுகிறது. அப்போது இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல்கள் ஆழ்கடலில் நிற்கும். அலைகளைக் கடந்து கரைசேர்ப்பது கட்டுமரக்காரர்களும் மசூலாப் படகோட்டிகளும். கடல் கண்டு மிரளும் விலங்கை அந்த அலைகளுக்கிடையில் அமைதிப்படுத்திக் கரையேற்ற வேண்டுமென்றால் கயிறு மட்டும் போதாது. குரலும் கையும் வேண்டும். இக்கரையின் குப்பத்து மக்களுடைய முன்னோர் அந்தக் கையை நீட்டியவர்கள்.

பெரிய குதிரைகள் படைக்கும் கனவான்களின் கோச்சு வண்டிக்கும் போயின. சாதாரண மக்களுக்குக் கிடைத்தது மட்டக்குதிரையும் ஜட்காவும். இரண்டு சக்கரம், வளைந்த கூரை, பின்பக்கம் ஏறிக் காலை மடித்து உட்காரும் வைக்கோல் மெத்தை. 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி, ஜட்காவைச் சென்னை மக்களின் வாடகை வண்டி என்று கூறி, லொடலொடத்த வண்டி என்று கேலியும் செய்கிறது. அகராதி செய்தவர்கள் கேலி செய்யலாம். மயிலாப்பூர்க் குளக்கரையிலிருந்து எழும்பூர் நிலையம் வரை பிரசவ வேதனையில் துடித்த பெண்களையும் திருமணச் சீர்வரிசையையும் சுமந்து சென்றது அந்த லொடலொட வண்டிதான்.

1895இல் சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. 1840இல் குதிரை வண்டி கட்டும் நிறுவனமாகத் தொடங்கிய சிம்சன் கம்பெனியில், 1903இல் சாமுவேல் ஜான் கிரீன் நீராவியால் ஓடும் மோட்டார் வண்டியைக் கட்டி ஓட்டினார். கோச்சு வண்டிக்குச் சக்கரம் பூட்டிய அதே பட்டறையிலிருந்து குதிரையில்லா வண்டி வெளிவந்தது. விடுதலைக்குப் பின் 1948இல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கப்பட்டு, 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. எண்ணூரிலிருந்து லாரிகள் வரத் தொடங்கின. 1953இல் டிராம் நின்றது. அதன்பின் ஜட்காவும் கண்ணெதிரே தேய்ந்தது. குதிரைக்குக் கொள்ளு வாங்கிய காசு பெட்ரோலுக்கும் டீசலுக்கும் போயிற்று. ஆனாலும் இயந்திரத்தின் வலிமையை அளக்கும்போது குதிரையை விட முடியவில்லை. ஜேம்ஸ் வாட் வகுத்த அளவின்படி ஒரு நிமிடத்தில் 33,000 அடி-பவுண்டு வேலை; அதாவது 746 வாட். ‘குதிரைத்திறன்’ என்று நாமும் மொழிபெயர்த்துக்கொண்டோம்.

இந்த மாற்றத்தைத் தன் உடம்பிலேயே சுமந்த ஒருவரை நாம் அறிவோம். சாந்தோம் பேராலயத்துக்குப் பின்னால் கடலைப் பார்த்த சந்து ஒன்றில் குடியிருந்த லாரி ஓட்டுநர். சில ஆண்டுகளுக்கு முன் காலமானார். பெயரைச் சொல்வதை அவர் குடும்பத்தார் விரும்பவில்லை. பெரியவர் என்றே குறிப்பிடுவோம். அவருடைய தந்தை மயிலாப்பூரில் ஜட்கா ஓட்டியவர். வீட்டில் முதல் உணவு குதிரைக்கு, அடுத்துப் பிள்ளைகளுக்கு, கடைசியில் தந்தைக்கு என்பது வழக்கமாம். சவாரி குறைந்து, கடன் ஏறி, அறுபதுகளில் ஒருநாள் குதிரையை விற்றார்கள். வாங்கியவர் இருந்த தெரு வழியாக அந்தத் தந்தை அதன்பின் நடந்ததே இல்லை. குதிரை அடையாளம் கண்டு கனைத்துவிட்டால் தாங்க முடியாது என்பாராம்.

மகன் லாரியில் கிளீனராகச் சேர்ந்து, லைசென்ஸ் எடுத்து, துறைமுகத்திலிருந்து சேலம், பெங்களூர் என்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஓட்டினார். புறப்படும் முன் பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்துத் தட்டுவார். வெற்றுப் பழக்கம் என்று நினைத்துக் கேட்டோம். “குதுரன்னா கால வைக்கறப்பவே நோவு தெரிஞ்சுடும் சார். லாரி சத்தம் போட்டாத்தான் தெரியும். அதனால நாமதான் காது குடுக்கணும்” என்றார். எடை மிகுந்த சரக்கை ஏற்றச் சொன்ன முதலாளிகளிடம் அவர் வேலையை இழந்ததுண்டு. வழியில் பழுதாகி நின்ற வண்டியைக் கண்டால் நிறுத்தாமல் போனதில்லை என்று அவருடன் கிளீனராக இருந்தவர்கள் சொல்கிறார்கள். நெடுஞ்சாலையோர ஐயனார் கோயில்களில் நிறுத்துவார். மற்ற ஓட்டுநர்கள் ஐயனாருக்குச் சூடம் காட்டுவார்கள். அவர் மண்குதிரையின் காலையும் தொட்டுக் கும்பிடுவார். ஓய்வு பெற்றபின் மாலையில் ஒரு துணிப்பையில் ஊறவைத்த கொள்ளை எடுத்துக்கொண்டு மெரினாவுக்கு நடந்து, சவாரிக் குதிரைகளுக்கு ஊட்டிவிட்டு வருவார். லாடம் தேய்ந்த குதிரையைக் கண்டால் அதன் சொந்தக்காரரிடம் சண்டைக்கு நிற்பார். அடுத்த நாள் லாடத்துக்குத் தன் பணத்தையே கொடுப்பார்.

இவரை விதிவிலக்கான மனிதர் என்று ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை. சென்னையில் குதிரைக்கும் லாரிக்கும் உள்ள உறவுக்கு ஊரறிந்த சான்று ஒன்று உண்டு. பல்லவன் சாலையில் உள்ள பாடிகார்டு முனீஸ்வரர் கோயிலைத்தான் சொல்கிறோம். புது வண்டி வாங்கியவர்கள், நெடும்பயணம் புறப்படும் ஓட்டுநர்கள் எல்லோரும் அங்கே வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் கிளம்புவார்கள். இந்த ஆங்கிலப் பெயர் ஒரு முனிக்கு எப்படி வந்தது? ஆளுநரின் மெய்க்காவல் குதிரைப்படை தங்கியிருந்த இடம் அக்கோயிலுக்கு அருகில் இருந்ததால் வந்தது. அப்படை 1947இல் கலைக்கப்பட்டது. குதிரைகள் போய்விட்டன, குதிரைவீரர் பெயர் தாங்கிய தெய்வம் லாரிகளைக் காத்து நிற்கிறது. சடங்குகள் சில வேளைகளில் ஆவணங்களைவிட நேர்மையாக வரலாற்றைச் சேமிக்கின்றன.

புறநானூற்றின் 273ஆம் பாடல் எருமை வெளியனாருடையது. போர் முடிந்து மற்றவர்களுடைய குதிரைகள் திரும்பிவிட்டன. தன் இளம் மகனின் தந்தையைச் சுமந்து சென்ற குதிரை மட்டும் திரும்பவில்லை என்று ஒரு பெண் கலங்கி நிற்கிறாள். கணவன் வரவில்லை என்று அவள் நேரடியாகச் சொல்வதில்லை, குதிரையைத்தான் சொல்கிறாள். லாரி ஓட்டுநர்களின் வீடுகளில் இன்றும் ‘வண்டி வந்துடுச்சா’ என்றுதான் கேட்கிறார்கள். ஆள் வந்தாரா என்று கேட்க அஞ்சும் நாவு, ஊர்தியின் பெயரால் கேட்கிறது. பெரியவரின் மனைவியும் அப்படித்தான் கேட்டு வாழ்ந்தவர்.

இந்த அச்சத்துக்கு உரிய காரணம் உண்டு. இரண்டு சட்டங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். அடையாற்றில் வாழ்ந்த ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் தொடர்ச்சியாக, 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. அதன்கீழ் 1965இல் வகுக்கப்பட்ட விதிகள், வண்டி இழுக்கும் விலங்கை ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இடையில் ஓய்வின்றித் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது. வெப்பம் 37 பாகையைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை கூடவே கூடாது என்கின்றன. 1961இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமோ, ஓட்டுநருக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், ஐந்து மணி நேரத்துக்குள் அரைமணி ஓய்வு என்று வகுத்தது. குதிரைக்கும் ஐந்து மணி, மனிதனுக்கும் ஐந்து மணி. காகிதத்தில் இரண்டு உயிர்களையும் நாடு ஏறக்குறைய ஒரே பரிவோடுதான் நோக்கியிருக்கிறது. நெடுஞ்சாலையில் இரவு முழுவதும் ஓட்டிக் கண்சிவந்து நிற்கும் ஓட்டுநரைப் பார்த்தவர்களுக்கு மற்றதைச் சொல்ல வேண்டியதில்லை. களைத்த குதிரை நடுத்தெருவில் படுத்துவிடும்; ஊர் கூடிவிடும். களைத்த ஓட்டுநரைக் காண்பார் இல்லை. பெரியவர் இதையும் ஒருமுறை சொன்னார்: தன் தந்தையின் குதிரைக்கு வெயில் நேரத்தில் நிழல் கிடைத்தது, தனக்குக் கிடைத்தது லாரியின் அடியில் இருந்த நிழல் மட்டும்தான்.

ஆக, மார்க்கோ போலோ கண்ட குறையை நம் மக்கள் பின்னர் நிறைத்துக்கொண்டார்கள் என்றே சொல்ல வேண்டும். அரசனின் கருவூலத்தால் ஈட்ட முடியாத ‘அசுவ இருதயம்’ இந்நகரின் ஜட்காக்காரர்களிடம் வந்து சேர்ந்தது. பட்டினி கிடந்து குதிரைக்கு ஊட்டியவனுக்கு அதன் உள்ளம் தெரிந்தது. அந்தப் பயிற்சி குதிரையோடு அழிந்துவிடவில்லை. ஓட்டுநரின் கைக்கும் காதுக்கும் மாறிவந்தது. நளன் குதிரையை இழந்தாலும் நளன்தான்.

தமிழ் படித்தவர்களாகிய நமக்கு இதில் ஒரு கடமை உண்டு. கடிவாளம், சேணம், லாடம், லாயம், கண்பட்டை என்று ஏட்டில் நின்ற சொற்கள் ஒருபுறம் இருக்கட்டும். மட்டக்குதிரையை நிறுத்தவும் திருப்பவும் தேற்றவும் ஜட்காக்காரர்கள் எழுப்பிய ஒலிகளும், சவாரி பேசிய வழக்குகளும், குதிரை நோய்க்கு அவர்கள் அரைத்த கைமருந்தின் பெயர்களும் எந்த அகராதியிலும் முழுமையாக ஏறவில்லை. அவற்றைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இன்று எழுபதைக் கடந்தவர்கள். லாரிப் பட்டறைகளிலும் ஆட்டோ நிறுத்தங்களிலும் கடற்கரைச் சந்துகளிலும் அவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். நம் மாணவர்கள் சிலர் கைபேசியில் பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். இதுவரை சேர்ந்தவை நாற்பது சொற்கள். அவற்றில் பதினொன்று பெரியவர் தந்தவை.